லோடுடன் ஓடும்போது இழுவை விட்டுப்போகும் பழைய லாரி: பம்பைக் கழற்றும் முன் எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஆத்தங்குடி பூக்கல் வண்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தரையில் பதிக்கும் பூக்கல்லை ஆத்தங்குடியில் தயாரித்து வெளியூர்களுக்கு அனுப்பும் சிறு தொழில் எங்களுடையது. கல்லை வைக்கோல் வைத்து அடுக்கி ஏற்றுவதால் லோடு உயரமாகத் தெரியாது, ஆனால் எடை மிக அதிகம். எங்களிடம் இருப்பது 1990களின் தொடக்கத்தில் வந்த லேலண்டு காமெட். ஆறு சிலிண்டர், டர்போ இல்லாத எஞ்சின், டீசலை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும் மெக்கானிக்கல் இன்லைன் பம்பு. மின்னணு சாதனம் எதுவும் இல்லை.

சில மாதங்களாக வண்டியில் ஒரு தொல்லை இருக்கிறது. லோடு ஏற்றிக் காரைக்குடியைத் தாண்டும்போது நன்றாக இழுக்கிறது. திருப்பத்தூரை நெருங்கும்போது இழுவை மெல்ல மெல்லக் குறைந்து, ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்தாலும் மூன்றாவது கியருக்கு மேல் போக முடியாத நிலை வருகிறது. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்து, டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்தால், எதுவுமே நடக்காததுபோல மறுபடியும் நன்றாக ஓடுகிறது. சில கிலோமீட்டருக்குப் பிறகு அதே கதை. லோடு இல்லாமல் திரும்பும்போது இந்தத் தொல்லை அநேகமாகத் தெரிவதில்லை. இழுவை குறையும் நேரத்தில் கரும்புகை வரவில்லை என்று ஓட்டுநர் உறுதியாகச் சொல்கிறார்.

இதோடு இன்னொன்றும் உண்டு. இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை. டீசலைக் கையால் ஏற்றும் கைப்பம்பை நன்றாக அடித்த பிறகுதான் பிடிக்கிறது.

இரண்டு டீசல் பில்டர்களையும் மாற்றிவிட்டோம், மாற்றம் இல்லை. ஒரு பட்டறையில், பம்பு தேய்ந்துவிட்டது, பம்பையும், டீசலைச் சிலிண்டருக்குள் தூவும் ஆறு நாசில்களையும் கழற்றி முழு வேலை பார்க்க வேண்டும் என்கிறார்கள். அது எங்களுக்குப் பெரிய செலவு. அடுத்து கொடைக்கானலுக்கு ஒரு லோடு போக வேண்டியிருக்கிறது. வத்தலக்குண்டு தாண்டி மலைச்சாலையில் வண்டி இப்படி நின்றால் பின்னால் வருபவர்களுக்கும் ஆபத்து. பம்பைத் தொடுவதற்கு முன் எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

---

தேவகோட்டை லாரிப் பட்டறை எழுதியது:

வணக்கம் ஐயா. நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு இரண்டு தனித்தனிக் கோளாறுகள் தெரிகின்றன. ஓடும்போது இழுவை குறைந்து, நின்றதும் சரியாவது ஒன்று. காலையில் கைப்பம்பு அடிக்க வேண்டியிருப்பது மற்றொன்று. முதலாவது டீசல் வரும் வழியில் அடைப்பு இருப்பதைக் காட்டுகிறது. இரண்டாவது, எங்கோ காற்று புகுவதை அல்லது நிற்கும் நேரத்தில் டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்கிவிடுவதைக் காட்டுகிறது. இரண்டையும் ஒரே காரணத்தால் விளக்க முயன்றால்தான் பம்பின் மேல் பழி விழும். தேய்ந்த பம்பு பத்து நிமிடம் ஓய்வு கொடுத்ததும் புதிதாகிவிடாது என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரும்புகை இல்லை என்ற தகவல் மிகவும் பயனுள்ளது. ஏர் கிளீனர் அடைத்திருந்தாலோ, பம்பு அளவுக்கு மேல் டீசலை விட்டாலோ, நாசில் சரியாகத் தூவாமல் ஒழுகினாலோ புகை கறுக்கும். மலை ஏறும்போது காற்றின் அடர்த்தி குறைவதால் இழுவை குறைந்தாலும் புகை கறுக்கும். இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் எஞ்சினுக்குப் போதிய டீசல் போகவில்லை என்றே கொள்ள வேண்டும்.

டீசல் போகாததற்குச் செலவில்லாத ஒரு காரணம் உண்டு. அதை முதலில் பார்த்துவிடுங்கள். ஒருவரை கேபினில் உட்காரவைத்து ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதிக்கச் சொல்லி, பம்பின் மேலுள்ள கைப்பிடி அதன் கடைசி ஸ்டாப் ஸ்குரு வரை போய் முட்டுகிறதா என்று நேரில் பாருங்கள். பெடல் அடியில் மிதியடி மடிந்திருந்தாலோ, ராடின் இணைப்புகள் தேய்ந்திருந்தாலோ பாதி வழியிலேயே நின்றுவிடும். அணைப்பதற்கான ஸ்டாப் கேபிளும் முழுவதுமாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். அது சிறிது இழுபட்ட நிலையிலேயே ஒட்டிக்கொண்டால் டீசல் குறைந்துவிடும்.

அது சரியாக இருந்தால் டேங்கிலிருந்து தொடங்குங்கள். டேங்க், அதனுள் இறங்கும் சக்‌ஷன் பைப், அதன் அடியிலுள்ள சல்லடை, அங்கிருந்து வரும் ஹோஸ், டீசலை இழுத்துக் கொடுக்கும் சிறிய பீட் பம்பு (கைப்பம்பு இதன் மேல்தான் இருக்கிறது), இரண்டு பில்டர்கள், அதன் பிறகுதான் பெரிய பம்பு. டீசல் போகும் இந்த வழியிலேயே நாமும் போக வேண்டும். பீட் பம்பு வரையிலான பகுதியில் டீசல் உறிஞ்சப்படுகிறது, அதற்குப் பிறகு தள்ளப்படுகிறது. உறிஞ்சும் பகுதியில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். ஆகவே, எங்கும் ஈரம் தெரியவில்லை என்பதை வைத்து அந்தப் பகுதி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது.

அடுத்த முறை சாலையில் இழுவை குறையும்போது, காத்திருக்காமல் உடனே டேங்க் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, மூடியைத் தளர்த்தி ஓட்டினால் தொல்லை வரவில்லை என்றால், டேங்குக்குள் காற்று விடும் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. நம் பக்கத்துச் செம்மண் புழுதி டீசல் ஈரத்தில் படிந்து அந்தச் சிறு துளையைச் சிமெண்டு பூசியதுபோல மூடிவிடும்.

சத்தம் இல்லையென்றால், சூடான பாகங்களில் கைபடாமல் கவனித்துக்கொண்டு, அந்த இடத்திலேயே கைப்பம்பின் தலையைத் திருகிக் கழற்றி மேலே தூக்குங்கள். தூக்கும்போது கனமாக இருந்து, கையை விட்டதும் அது தானே கீழே இழுத்துக்கொண்டால் உறிஞ்சும் வழியில் அடைப்பு என்று பொருள். எளிதாக மேலே வந்து, எத்தனை தடவை அழுத்தினாலும் இறுக்கம் கிடைக்காமல் 'பொத் பொத்' என்று போனால் காற்று வருகிறது. எளிதாக மேலே வந்து, அழுத்தும்போது மட்டும் மிகவும் கடினமாக இருந்தால் அடைப்பு பீட் பம்புக்கு அப்பால், பில்டர் பக்கம் இருக்கிறது. கருவி எதுவும் இல்லாமல் சாலையோரத்தில் இவ்வளவு தெரிந்துகொள்ளும் சோதனை வேறு இல்லை. ஆனால் கோளாறு இருக்கும் நேரத்திலேயே செய்ய வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து செய்தால் எதுவும் தெரியாது.

இதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், ஒரு சுத்தமான கேனில் புது டீசல் ஊற்றி, டேங்கையும் பழைய ஹோஸையும் விட்டுவிட்டு, கேனிலிருந்து நேராகப் பீட் பம்புக்குப் புது ஹோஸ் போட்டு லோடுடன் ஓட்டிப் பாருங்கள். தொல்லை மறைந்தால் கோளாறு நீங்கள் விலக்கி வைத்த டேங்க், ஹோஸ் பகுதியில்தான் இருக்கிறது. பம்பைக் கழற்றும் பேச்சுக்கே இடமில்லை.

---

புதுக்கோட்டை டீசல் பம்பு சர்வீஸ் எழுதியது:

பம்பு வேலையே என் தொழில். அப்படியிருந்தும், மேலே எழுதியவர் சொன்ன வரிசையே சரி என்று சொல்வேன். எங்களிடம் வரும் பம்புகளில் கணிசமானவை டீசல் அளவைச் சோதிக்கும் கலிபிரேஷன் மேடையில் ஏற்றியதும் சரியான அளவே காட்டுகின்றன. அவற்றைக் கழற்றியிருக்கவே வேண்டாம்.

கேன் சோதனையைப் பற்றி இரண்டு விஷயங்களைச் சேர்க்க விரும்புகிறேன். கேனைப் பீட் பம்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டால் டீசல் தானாகவே இறங்கும். பலவீனமான பீட் பம்பும் அப்போது நல்ல பம்புபோல நடித்துவிடும். ஆகவே கேனை டேங்கின் மட்டத்திலேயே உறுதியாகக் கட்டுங்கள், சைலன்சரின் பக்கம் வேண்டாம். அடுத்தது, இந்த வகை பம்பில் எரியும் அளவைவிட அதிகமான டீசல் வந்து, மிச்சம் ஓவர்ஃப்ளோ வால்வு வழியாக ரிட்டர்ன் லைனில் திரும்பிப் போகும். ரிட்டர்னையும் கேனுக்கே திருப்பவில்லையென்றால், கேன் விரைவில் காலியாகி, நீங்கள் வேறு எதையோ கோளாறு என்று நினைத்துக்கொள்வீர்கள்.

பீட் பம்பு தனியான மோட்டார் அல்ல. பெரிய பம்பின் கேம்ஷாப்டில் உள்ள எக்சென்ட்ரிக் (மையம் விலகிய வட்டு) அதன் பிளஞ்சரை அழுத்த, ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளுகிறது. வெளியே தள்ளுவது ஸ்பிரிங்கின் வேலை. அதனால்தான் அழுத்தம் ஒரு அளவுக்கு மேல் ஏறாமல் ஏறத்தாழ 1 முதல் 1.5 பார் வரையில் தானே நின்றுகொள்கிறது. இதில் உள்ள இரண்டு சிறு வால்வுகளுக்கு அடியில் ஒரு துரும்போ துருவோ சிக்கினால் டீசல் பின்னுக்கு இறங்கிவிடும். உங்கள் காலைத் தொல்லைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பீட் பம்பின் அடியில் சிறு கிண்ணமும் சல்லடையும் இருந்தால் கழற்றிப் பாருங்கள். அதைத் திறக்காமலேயே பில்டரை மட்டும் மாற்றும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது.

ஓவர்ஃப்ளோ வால்வின் ஸ்பிரிங் தளர்ந்தால் பம்பின் உள்ளறையில் அழுத்தம் நிற்காது, இழுவை குறையும். ஆனால் அது எப்போதும் குறைவாகவே இருக்கும். நின்று கிளம்பினால் சரியாகாது. அதனால் உங்கள் வண்டியில் அதை இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன்.

உண்மையாகவே பம்பு தேய்ந்தால் எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எலிமெண்ட் (உள்ளே டீசலை அழுத்தும் பாகம்) தேய்ந்த பம்பில், எஞ்சின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆவது கடினமாகும். சூட்டில் டீசல் இளகுவதால் தேய்ந்த இடைவெளியில் அதிகமாகக் கசிந்துவிடும். உங்களுக்கு அதற்கு நேர்மாறாக, சூடான எஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆகிறது, இரவு முழுவதும் நின்றதுதான் அடம்பிடிக்கிறது. எஞ்சின் ஆயில் மட்டம் ஏறி, ஆயில் நீர்த்துப்போய் டீசல் வாடை அடித்தால், பம்பையும் பீட் பம்பின் ஸ்பிண்டில் சீலையும் சந்தேகிக்கலாம். டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள்.

நாசில்களைப் பொறுத்தவரை, ஐட்லிங்கில் ஒவ்வொரு நாசிலின் பைப் நட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிது தளர்த்திப் பார்ப்பது பழைய முறை. எந்த சிலிண்டரில் தளர்த்தும்போது எஞ்சின் ஓட்டம் மாறவில்லையோ அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. இதைச் செய்பவர் கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு, நட்டின் மேல் துணியைச் சுற்றிச் செய்ய வேண்டும். அந்தப் பைப்பில் இருப்பது நூற்றுக்கணக்கான பார் அழுத்தம். ஊசிபோல வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போனால், வெளியில் சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. ஆனாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். இழுவை இல்லையென்று பம்பின் அளவைப் பூட்டிவைத்திருக்கும் முத்திரைச் சீலை உடைத்து, அளவு ஸ்குருவைத் திருப்பி டீசலைக் கூட்டிவிடுவோர் இருக்கிறார்கள். வரும் வழியே அடைத்திருக்கும்போது அதனால் எந்தப் பயனும் இல்லை. அடைப்பை எடுத்த பிறகு அதே வண்டி கரும்புகை கக்கி, பிஸ்டனும் வால்வும் அளவுக்கு மேல் சூடாகும். சீலைத் தொட விடாதீர்கள்.

---

கானாடுகாத்தான் செங்கல் லோடு எழுதியது:

அண்ணே, எங்களிடமும் பழைய வண்டிகள்தான் ஓடுகின்றன. நின்றால் சரியாகி, ஓடினால் கெடுகிற தொல்லைக்கு எங்கள் வண்டியில் டேங்கின் அடியிலுள்ள சல்லடைதான் காரணமாக இருந்தது. வண்டி ஓடும்போது டீசலோடு குப்பையும் இழுபட்டுச் சல்லடையின் மேல் ஒட்டிக்கொள்கிறது. எஞ்சினை அணைத்ததும் இழுப்பு நின்று, குப்பை பிரிந்து டேங்கின் அடிக்குப் போய்விடுகிறது. லோடு இல்லாதபோது டீசல் தேவை குறைவு என்பதால் பாதி அடைத்த சல்லடையே போதுமானதாக இருக்கும். நீங்கள் எழுதியது எல்லாமே அதற்கு ஒத்துவருகிறது.

டேங்க் வெளியில் புதிதாகப் பெயிண்ட் அடித்து நன்றாக இருந்தாலும் உள்ளே துருவாக இருக்கலாம். லோடு இல்லாத நாட்களில் பாதி டேங்கோடு வண்டியை நிறுத்திவைத்தால், மேல் பாதியிலுள்ள காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து தண்ணீராகி இறங்கும். டீசலைவிடத் தண்ணீர் கனமானது, அடியில் தேங்கும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்பாக, வழவழவென்று ஒரு பாசி உண்டாகும். துருவை மட்டும் எடுத்துவிட்டு அந்தப் பாசியை விட்டால் மறுபடியும் சல்லடையில் வந்து ஒட்டும்.

டேங்கைக் கழற்றினால், ஓட்டை இருக்கிறதென்று எக்காரணம் கொண்டும் நேராக வெல்டிங் வைக்கப் போகாதீர்கள். டீசல் பெட்ரோல்போலத் தீப்பிடிக்காது என்று நினைத்துச் செய்கிறார்கள். நம் நாட்டுத் தர விதியில் டீசலின் தீப்பற்றும் நிலை குறைந்தபட்சம் 35 டிகிரி என்றுதான் இருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் செட்டிநாட்டுப் பட்டறை வாசலில் கிடக்கும் காலி டேங்கின் உள்சூடு அதை எளிதாகத் தாண்டிவிடும். காலி டேங்கில் டீசல் இல்லாவிட்டாலும் ஆவி இருக்கிறது, அதுதான் வெடிக்கும். டேங்க் வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, முழுவதும் கழுவி ஆவி நீக்கிய பிறகே நெருப்பு வைக்க வேண்டும்.

---

ஆத்தங்குடி பூக்கல் வண்டி எழுதியது:

எழுதிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே பார்த்தோம். முடிவை எழுதுகிறேன், வேறு யாருக்காவது பயன்படலாம்.

ஆக்ஸிலேட்டரும் ஸ்டாப் கேபிளும் சரியாக இருந்தன. எஞ்சின் ஆயிலில் டீசல் வாடை இல்லை. மதுரை லோடு ஒன்றில் வழக்கமான இடத்திலேயே இழுவை குறைந்தபோது, ஓட்டுநர் உடனே டேங்க் மூடியைத் திறந்தார்; சத்தம் எதுவும் இல்லை. கைப்பம்பைத் தூக்கியபோது, தேவகோட்டை நண்பர் எழுதியதுபோலவே, கனமாக வந்து, விட்டதும் கீழே இழுத்துக்கொண்டது. சிறிது நேரம் கழித்து அதே பம்பு லேசாக மேலே வந்தது. பிறகு கேனை டேங்க் மட்டத்தில் கட்டி, ரிட்டர்னையும் அதற்கே திருப்பி, லோடுடன் திருப்பத்தூர் தாண்டும் வரை ஓட்டினோம். இழுவை ஓரிடத்திலும் குறையவில்லை.

டேங்கைக் கழற்றி சக்‌ஷன் பைப்பை உருவியபோது, அடியிலிருந்த சல்லடை என்பதே கண்ணுக்குத் தெரியவில்லை. கறுப்பு வழுவழுப்பு அதைச் சுற்றி உறைபோலப் படிந்திருந்தது, அதற்குள் நகம் அளவுக்குத் துருச் செதில்கள் ஒட்டியிருந்தன. டேங்கின் அடியிலிருந்து இறக்கிய டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்தோம். சிறிது நேரத்தில் கீழே தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது. டேங்கை டேங்க் வேலை செய்பவரிடம் கொடுத்து உட்புறம் சுத்தம் செய்து, சல்லடையை மாற்றிப் பூட்டினோம். ஓட்டை எதுவும் இல்லாததால் வெல்டிங் தேவைப்படவில்லை.

இரண்டு கோளாறுகள் என்று சொன்னதும் சரியாகவே இருந்தது. டேங்க் சரியான பிறகு இழுவை திரும்பிவிட்டது, ஆனால் காலைத் தொல்லை அப்படியே இருந்தது. பீட் பம்புக்கு வரும் வழியில் ஒரு துண்டு கண்ணாடி ஹோஸ் (உள்ளே போவது தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ்) போட்டுப் பார்த்தபோது, கடுகு அளவுக் குமிழிகள் வரிசையாகப் போவது தெரிந்தது. டேங்க் பக்கமிருந்து ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்துக்கொண்டே வந்ததில், ஹோஸ் நடுவிலுள்ள இரும்புப் பைப்பைச் சேரும் இடத்தில், பஞ்சோ போல்ட்டின் (டீசல் போக உள்ளே துளையுள்ள போல்ட்) செம்பு வாஷர் ஒரு பக்கம் நெளிந்து விளிம்பில் வெடித்திருந்தது. வெளியில் ஒரு துளி ஈரமும் இல்லை. இரு பக்கமும் புது வாஷர் போட்டு, முதலில் பில்டரிலும் பிறகு பம்பிலும் சிக்கியிருந்த ஏரை வெளியேற்றிய பிறகு குமிழி நின்றது. காலையில் கைப்பம்பைத் தொடாமலேயே ஸ்டார்ட் ஆகிறது.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. குமிழி பார்க்கப் போட்ட கண்ணாடி ஹோஸை அப்படியே விட்டுவிடலாமா? மலைச்சாலையில் போகும்போது பார்த்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்று ஓட்டுநர் விரும்புகிறார்.

---

தேவகோட்டை லாரிப் பட்டறை எழுதியது:

மிகவும் மகிழ்ச்சி ஐயா. கண்ணாடி ஹோஸை விட வேண்டாம். சாதாரண பிளாஸ்டிக் ஹோஸ் டீசலிலும் எஞ்சின் சூட்டிலும் சில வாரங்களில் கெட்டியாகி, கிளிப் பிடித்த இடத்தில் வெடிக்கும். அப்போது அதே காற்று வேறு இடத்தில் நுழையும். டீசலுக்கென்றே உள்ள ரப்பர் ஹோஸைப் போட்டுவிடுங்கள். வாங்கும்போது உள்பக்கம் பார்த்து வாங்குங்கள், உள்ளே தோல் உரிந்த ஹோஸ் வெளியில் புதிதாகத்தான் தெரியும்.

டேங்கைக் கழுவினாலும் மூலைகளில் இருந்த தூசி முதல் சில லோடுகளில் கிளம்பி வரும். ஆகவே இப்போதுள்ள பில்டர்களை வழக்கமான தவணை வரை விடாமல், கொடைக்கானல் லோடுக்கு முன் ஒருமுறை மாற்றிவிடுங்கள். பழையதை அறுத்து உள்ளே கறுப்புப் படிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். டேங்கின் டிரெயின் போல்ட்டை மழைக்காலத்தில் அடிக்கடி, மற்ற மாதங்களில் இடைவெளி விட்டு, வண்டி இரவு நின்ற பிறகு காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் தளர்த்தித் தண்ணீரை இறக்கச் சொல்லுங்கள். ஓடி வந்த வண்டியில் தண்ணீரும் டீசலும் கலங்கியிருக்கும் என்பதால் அப்போது இறக்கிப் பயனில்லை. கருவிப் பெட்டியில் ஒரே அளவுச் செம்பு வாஷர்கள் சில எப்போதும் இருக்கட்டும். புதிது கிடைக்காத இடத்தில் பழையதைச் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் மறுபடியும் மிருதுவாகி ஒருமுறை பயன்படும். வெடித்த வாஷர் மட்டும் எதற்கும் உதவாது.